பாடலை ஏற்றும் முன் யாரைக் கேட்டோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதிப்புரிமை உள்ள பாடல்களை இணையத்தில் பகிர்வது குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் இரண்டு கடிதங்கள் வெளியாயின. அனுமதியின்றிப் பாடலை ஏற்றுவோர் அனைவரும் திருடர்கள், அவர்களைச் சிறையில் தள்ள வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். இசை காற்றைப் போலப் பொதுச்சொத்து, காசு கொடுத்து வாங்கிய பாட்டை நாலு பேருக்குக் கொடுப்பதில் என்ன குற்றம் என்று மற்றவர் கேட்டிருந்தார். இருவருமே இசைமீது பற்றுள்ளவர்கள் என்பது எழுத்திலேயே தெரிந்தது. ஆனால் பாடல் என்பதை ஒரே பொருளாக, ஒரே ஆளுக்குச் சொந்தமான பொருளாக எண்ணிக்கொண்டு இருவரும் வாதிடுவதாக எனக்குப் பட்டது. பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பதையும் அவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்றுவதையும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருபவன் நான். அவற்றில் பலவற்றை எவரையும் கேட்காமல் இணையத்தில் ஏற்றியவனும்கூட. அந்தப் பழக்கத்தை ஏன் நிறுத்தினேன் என்பதையும், அதே சமயம் சட்டம் சொல்வதையெல்லாம் ஏன் அப்படியே ஏற்க முடியவில்லை என்பதையும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. புதிய கருவியையோ மருந்தையோ கண்டுபிடித்தவருக்குக் கொடுக்கப்படுவது காப்புரிமை. எழுத்து, இசை, ஓவியம் போன்றவற்றைப் படைத்தவருக்கு உரியது பதிப்புரிமை. செய்திகளில்கூட இவ்விரண்டும் மாறி மாறி எழுதப்படுகின்றன. காப்புரிமையை விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். பதிப்புரிமைக்கோ விண்ணப்பம் தேவையில்லை. பாட்டை எழுதி முடித்த கணத்திலேயே அது எழுதியவருக்கு வந்துவிடுகிறது. 1886-இல் கையெழுத்தான பெர்ன் உடன்படிக்கையின் வழிவந்த இந்த ஏற்பாட்டை இன்று உலகின் பெரும்பாலான நாடுகள் பின்பற்றுகின்றன. ஆகவே, 'உறையில் எங்கும் உரிமைக் குறி போடவில்லையே, அதனால் ஏற்றினேன்' என்னும் சமாதானம் செல்லாது.

அடுத்தது, அந்த உரிமை யாருக்கு என்பது. நாம் ஒரு பாட்டு என்று சொல்லிக் கேட்பதற்குள் குறைந்தது நான்கு பேரின் பங்கு அடுக்கடுக்காக இருக்கிறது. சொற்கள் பாடலாசிரியருடையவை, மெட்டு இசையமைப்பாளருடையது, பாடியவருக்கும் வாசித்தவர்களுக்கும் நிகழ்த்துநர் என்ற முறையில் தனி உரிமை உண்டு, ஒலிப்பதிவு, அதைச் செலவு செய்து எடுத்த நிறுவனத்துடையது. கடைசி இரண்டையும் பன்னாட்டு அளவில் முதன்முதலாக வரையறுத்தது 1961-ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கை. நம் மொழியிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. பாரதியார் 1921-இல் மறைந்தார். அவருடைய படைப்புகளின் உரிமை 1949-இல் அரசுடைமையாகி, பின்னர் மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கப்பட்டது. அவருடைய பாட்டை இன்று யார் வேண்டுமானாலும் பாடலாம், அச்சிடலாம், புதிதாக மெட்டமைக்கலாம். ஆனால் அந்தப் பாட்டை சென்ற ஆண்டு ஒருவர் புதிய மெட்டில் பாடிப் பதிவு செய்திருந்தால், அந்த மெட்டும் அந்தக் குரலும் அந்தப் பதிவும் நமக்குச் சொந்தமாகிவிடா. 'பாரதி பாட்டுத்தானே' என்று அந்தக் கோப்பை எடுத்து ஏற்றுபவர், சொல் பொதுவானது என்பதைக் கொண்டு மற்ற மூன்றையும் பொதுவாக்கிவிடுகிறார். பழம்பாடல்களைப் பகிர்வோரிடம் நான் மிக அதிகமாகக் கண்ட பிழை இதுதான்; நானும் செய்த பிழைதான்.

காசு கொடுத்து வாங்கியதை ஏன் கொடுக்கக் கூடாது என்னும் கேள்விக்கு வருகிறேன். கேள்வி நியாயமாகவே ஒலிக்கிறது. வாங்கிய இசைத்தட்டையோ குறுந்தகட்டையோ நண்பருக்கு இரவல் தரலாம், பரிசளிக்கலாம், பழைய பொருளாக விற்றும் விடலாம்; எந்தச் சட்டமும் அதைத் தடுப்பதில்லை. அப்படிக் கொடுத்தபின் அது நம்மிடம் இராது என்பதுதான் அதிலுள்ள சூட்சுமம். இணையத்தில் ஏற்றும்போது நம்முடையது நம்மிடமே இருக்க, இன்னொரு படி உருவாகிறது, அதிலிருந்து இன்னும் எத்தனையோ உருவாகின்றன. தட்டை வாங்கியபோது நாம் வாங்கியது அந்த ஒரு தட்டை. படியெடுத்து ஊருக்கெல்லாம் கொடுக்கும் உரிமையை யாரும் நமக்கு விற்கவில்லை. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் கீழ் 1996-இல் உருவான இரண்டு ஒப்பந்தங்கள் இதையே இணையக் காலத்துக்கு ஏற்றபடி எழுதிவைத்தன. பொதுமக்கள் தாம் விரும்பிய இடத்திலிருந்து, விரும்பிய நேரத்தில் எடுத்துக்கொள்ளும்படி ஒரு படைப்பைக் கிடைக்கச் செய்வதே உரிமையாளர் ஒருவரால் மட்டும் அனுமதிக்கத்தக்க செயல் என்பது அவற்றின் சாரம். எடுத்துக்கொண்டவர் ஒருவரா ஓராயிரம் பேரா, ஏற்றியவர் காசு பார்த்தாரா இல்லையா என்பவை தண்டனையின் அளவைத் தீர்மானிக்கலாம்; செயலின் தன்மையை மாற்றா.

சொந்த உபயோகத்துக்குப் படியெடுத்துக்கொள்வதில் நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. ஜெர்மனி 1965-லேயே வீட்டில் ஒலிப்பதிவு செய்துகொள்வதை அனுமதித்து, அதற்கு ஈடாக ஒலிப்பதிவுக் கருவிகளின் விற்பனையில் ஒரு சிறு தொகையைப் பிடித்துக் கலைஞர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பிரிட்டனில், தான் வாங்கிய குறுந்தகட்டைத் தன் கைப்பேசிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று 2014 அக்டோபரில் விதி செய்தார்கள்; கலைஞர்களுக்கு ஈட்டுத்தொகை எதுவும் ஏற்படுத்தாமல் விதி செய்ததைச் சரியாக நியாயப்படுத்தவில்லை என்று இசைத்துறையினர் தொடுத்த வழக்கில் அடுத்த ஆண்டு ஜூலையிலேயே உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆக, தன் தட்டைத் தன் கருவிக்கு மாற்றும் எளிய காரியம்கூட ஓராண்டு குற்றமில்லாமலும் மறு ஆண்டு குற்றமாகவும் இருந்திருக்கிறது. இப்படிப்பட்ட விதிகளைக் காட்டி மக்களைத் திருடர்கள் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எந்த நாட்டு விதியை எடுத்துக்கொண்டாலும், சொந்த உபயோகம் என்பது முன்பின் தெரியாத ஆயிரம் பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கோ டெலிகிராம் சேனலுக்கோ நீளாது என்பதில் ஐயமில்லை.

திருட்டு என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1985-இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களை அனுமதியின்றி இசைத்தட்டுகளாக அச்சடித்து மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பியவர்மீது, திருட்டுப் பொருளைக் கடத்துவதற்கு எதிரான சட்டத்தின் கீழும் குற்றம் சாட்டியிருந்தார்கள். பதிப்புரிமையை மீறுவதும் ஒரு பொருளைத் திருடுவதும் ஒன்றாகா என்று சொல்லி, அந்தக் குற்றச்சாட்டை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அதற்காக அவர் செய்தது சரி என்று ஆகிவிடவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் கீழான குற்றம் அப்படியே நின்றது. இந்த வேறுபாடு வழக்கறிஞர்களின் சொற்சிலம்பம் என்று நான் நினைக்கவில்லை. திருட்டு என்று சொன்னதும், 'பொருள் அங்கேயேதான் இருக்கிறதே, பிறகெப்படித் திருட்டு?' என்று எதிர்த்தரப்பு எளிதாகக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறது. யாருடைய உழைப்பைக் கொண்டு யாரைக் கேட்காமல் என்ன செய்தோம் என்ற உண்மையான கேள்வி அத்தோடு அடிபட்டுப் போகிறது.

அந்தக் கேள்வி இணையத்தோடு பிறந்ததன்று. 1847-இல் பாரிஸ் நகரத்து இசை விடுதி ஒன்றில் எர்னஸ்ட் பூர்ஷே என்னும் பாடலாசிரியர் தம் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தபோது, அங்கே அவர்களுடைய பாட்டையே வாசித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போகும்போது அவர்கள் அருந்தியதற்குப் பணம் தர மறுத்தார்கள். எங்கள் பாட்டுக்கு நீங்கள் தராதபோது உங்கள் சர்க்கரைத் தண்ணீருக்கு நாங்கள் ஏன் தர வேண்டும் என்பது அவர்கள் வாதம். வழக்கு அவர்கள் பக்கம் தீர்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1851-இல் உருவானதுதான், எங்கெங்கோ வாசிக்கப்படும் பாட்டுகளுக்கெல்லாம் ராயல்டி வசூலித்து உரியவர்களுக்குச் சேர்க்கும் சாசெம் என்னும் பிரெஞ்சுச் சங்கம்; அது இன்றும் இயங்குகிறது. ஒவ்வொரு விடுதியிலும் போய் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்க எந்தப் பாடலாசிரியராலும் முடியாது என்பதால் பிறந்த ஏற்பாடு அது. இன்று அந்த விடுதி உலகளவு விரிந்து நிற்கிறது.

புதிய கருவி ஒன்று வரும்போதெல்லாம் சட்டம் பின்தங்கியதும், பிறகு மூச்சிரைக்க ஓடிவந்து பிடித்ததும் வரலாறு. துளையிட்ட காகிதச் சுருளை வைத்துத் தானாக வாசிக்கும் பியானோ வந்தபோது, மனிதக் கண்ணால் அந்தச் சுருளைப் படிக்க முடியாது, ஆகவே அது இசையின் படி ஆகாது என்று 1908-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி, யார் வேண்டுமானாலும் சுருளோ தட்டோ செய்துகொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு படிக்கும் 2 சென்ட் இசையமைப்பாளருக்குத் தர வேண்டும் என்று ஆக்கியது. கருவியையும் தடுக்காமல் கலைஞரையும் கைவிடாமல் வகுத்த வழி அது என்பதால் எனக்கு அதன்மீது பெரிய மதிப்பு உண்டு.

1999-இல் நாப்ஸ்டர் வந்தபோது அப்படியொரு வழியை யாரும் முனைந்து தேடவில்லை. முன்பின் அறியாதவர்கள் ஒருவர் கணினியிலிருந்து மற்றவர் எம்பி3 கோப்புகளை எடுத்துக்கொள்ள உதவிய அந்த மென்பொருள்மீது அவ்வாண்டு டிசம்பரிலேயே இசை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2001 ஜூலையில் அது இழுத்து மூடப்பட்டது. அதற்குள் பழக்கம் ஊன்றிவிட்டிருந்தது. பிறகு நிறுவனங்கள் கேட்பவர்கள்மீதே பாய்ந்தன. 2003 செப்டம்பரில் ஒரே மூச்சில் 261 பேர்மீது வழக்கு. அவர்களில் ஒருத்தி பன்னிரண்டு வயதுச் சிறுமி. இன்னொரு வழக்கில் 24 பாடல்களைப் பகிர்ந்த பெண்மணி ஒருவருக்கு 2007-இல் 2,22,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. மறுவிசாரணையில் அது 19 லட்சத்து 20 ஆயிரம் டாலராக ஏறி, பல படிகள் தாண்டி 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பழைய 2,22,000 டாலருக்கே வந்து நின்றது. ஒரு பாட்டுக்கு 9,250 டாலர். அந்த 24 பாடல்களில் எதையும் எழுதியவரோ பாடியவரோ தமக்கு அவ்வளவு இழப்பு நேர்ந்ததாகச் சொல்லியிருக்க முடியாது. குற்றத்துக்கும் தண்டனைக்கும் இவ்வளவு தூரம் இருக்கும்போது சட்டத்தின்மீது மதிப்பு குறைகிறது, குற்றம் குறைவதில்லை. மக்களைக் கள்ளப் பகிர்விலிருந்து பெருமளவு திருப்பியது, 2003-இல் ஆப்பிள் நிறுவனம் பாடல்களைத் தனித்தனியாக விற்கத் தொடங்கியதும், 2008-இல் தொடங்கிய ஸ்பாட்டிஃபை போன்ற ஸ்ட்ரீமிங் தளங்கள் தேடிய பாட்டைத் தேடிய கணத்தில் முறையாகக் கொடுத்ததும்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதல் கடிதத்தை எழுதியவரின் சிறைத் தீர்வை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். இரண்டாம் கடிதத்துக்கு என் மறுப்பு வேறு வகையானது.

பகிர்ந்தால் பாட்டு பரவும், அது கலைஞருக்கு விளம்பரம் என்கிறார்கள். சில கலைஞர்களுக்கு அது உண்மையாகவே இருக்கலாம். ரேடியோஹெட் என்னும் இசைக்குழுவினர் 2007 அக்டோபரில் தங்கள் புதிய தொகுப்பை இணையத்தில் வைத்து, விரும்பிய விலை கொடுங்கள், ஒன்றும் கொடுக்காமலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதைப் பலர் இலவசப் பகிர்வுக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. அவர்கள் தங்கள் பொருளைத் தாங்களே திறந்துவைத்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். 2002-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வந்தது முதல், 'பெயரைச் சொல்லி யார் வேண்டுமானாலும் பகிரலாம்' என்றோ 'வணிகத்துக்கு மட்டும் கூடாது' என்றோ ஒரே வரியில் அறிவிக்கும் வசதி எந்தக் கலைஞருக்கும் இருக்கிறது. பரவ வேண்டும் என்று விரும்புபவர் அதைச் சொல்லலாம். சொல்லாதவருடைய வாயில் நாமே அந்தச் சொல்லைப் போடுவதற்கு விளம்பரம் என்று பெயர் சூட்டக் கூடாது.

நிறுவனங்கள்தானே கொழுக்கின்றன, கலைஞருக்கு எங்கே போகிறது என்னும் வாதம் இதைவிட வலியது. அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. வாசித்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் அன்றைய தினத்துக்குக் கொடுத்த ஒரு தொகையோடு கணக்கு முடிந்துவிடுகிறது. பாட்டு அறுபது ஆண்டு ஓடினாலும் அவர்களுக்கு அதற்கு மேல் வருவதில்லை. எழுதியவரும் மெட்டமைத்தவரும் பல நாடுகளில் முன்பணம் வாங்கிய கையோடு எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிட்டவர்கள். இதை உணர்ந்து இந்தியாவில் 2012-இல் சட்டம் திருத்தப்பட்டது. திரைப்படப் பாட்டின் உரிமையை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டாலும், திரையரங்கில் படத்தோடு ஓடுவது நீங்கலாக மற்ற வழிகளில் வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறெவருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது என்று அது செய்தது. ஸ்ட்ரீமிங் தளங்களிலும் குறை இல்லாமலில்லை. பெரும்பாலானவை மாத வருவாயை ஒரே குவியலாக்கி, மொத்தக் கேட்பு எண்ணிக்கையில் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கின்றன. நான் மாதம் முழுதும் ஒரே ஒரு நாகஸ்வரக் கலைஞரை மட்டுமே கேட்டிருந்தாலும் என் சந்தாவின் பெரும்பகுதி நான் ஒருமுறையும் கேட்டிராதவர்களுக்குப் போய்விடும். 2024 முதல் ஸ்பாட்டிஃபை, முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவு ராயல்டியே கிடையாது என்று விதித்திருக்கிறது. குறைவாகக் கேட்கப்படுபவர்கள்தாம் அதிகம் வாடுபவர்கள் என்பதை நினைத்தால் இந்த விதி எனக்கு நெஞ்சை உறுத்துகிறது.

இவ்வளவும் உண்மை. ஆனால் நிறுவனம் கலைஞருக்குப் பத்தில் ஒன்று கொடுக்கிறது என்று கோபப்பட்டு நான் கோப்பை ஏற்றினால், அவருக்கு அந்த ஒன்றும் கிடைக்காமல் போகும். அவருக்காகக் கோபப்படுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் செய்யும் காரியத்தால் அவருக்கு எந்த நன்மையும் இல்லை. நன்மை எல்லாம் எனக்கும் என்னைப் பாராட்டுகிறவர்களுக்கும்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பழைய தட்டு ஒன்று கிடைத்தது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் வகை. ஓரத்தில் மயிரிழை போன்ற ஒரு விரிசல். மெல்லிய தூரிகையால் தூசு தட்டி, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு ஊசியை வைத்தேன். விரிசல் வரும் இடத்தில் எல்லாம் 'டக்' 'டக்' என்று ஒரு சத்தம். மூன்று நிமிடப் பாட்டு. அந்தச் சத்தங்களை ஒவ்வொன்றாகக் கணினியில் எடுப்பதற்கு இரண்டு இரவுகள் பிடித்தன. முடித்துவிட்டு, பாட்டின் முதல் வரியையும் பாடியவர் பெயரையும் போட்டு, கூடவே என் சேகரிப்பின் பெயரையும் சேர்த்து ஏற்றினேன். தட்டின் நடுவே ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் வயலின், மிருதங்கம் வாசித்தவர்களின் பெயர்கள் பொடி எழுத்தில் இருந்தன. அவற்றைத் தட்டச்சு செய்ய எனக்குச் சோம்பலாக இருந்தது. பல்லாயிரம் பேர் கேட்டார்கள். அருமை, பொக்கிஷம், உங்கள் தொண்டு வாழ்க என்றெல்லாம் எழுதினார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரு நாள் ஒருவர் எனக்குத் தனியே எழுதினார். 'ஐயா, அந்தத் தட்டில் மிருதங்கம் வாசித்திருப்பவர் என் தகப்பனார். அவருடைய வாசிப்பு வீட்டில் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. உங்களால்தான் கேட்டோம், அம்மா அழுதுவிட்டார்கள். உங்கள் பெயர் இருக்கிறது, அப்பா பெயர் இல்லையே என்று மட்டும் கேட்டார்கள்.' அவ்வளவுதான் கடிதம். பணம் கேட்கவில்லை, நீக்கச் சொல்லவில்லை. என்னால் அன்றிரவு தூங்க முடியவில்லை. இரண்டு இரவு உட்கார்ந்து ஒலியைச் சுத்தம் செய்தவனுக்கு இரண்டு பெயர்களை அடிக்க நேரமில்லாமல் போயிற்று. அந்தப் பாட்டைக் கேட்பதற்கு உரிமையுள்ள முதல் வீட்டை நான் தேடவே இல்லை. அவர்கள்தாம் என்னைத் தேடி வந்தார்கள். பதிப்புரிமை என்றாலே பணம் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பெர்ன் உடன்படிக்கையில் 1928-இலேயே, பொருளியல் உரிமைகளை விற்றுவிட்ட பிறகும் படைப்பு தன்னுடையது என்று உரிமை கோரும் தார்மிக உரிமை படைத்தவருக்கு உண்டு என்று சேர்த்திருக்கிறார்கள். 1996-இன் ஒப்பந்தங்களில் ஒன்று, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் பெயர் சொல்லப்படும் உரிமையை வழங்குகிறது. நான் மீறியவற்றில் அதுவும் ஒன்று.

இதே அனுபவம் எதிர்ப்பக்கத்தையும் காட்டுகிறது என்பதை மறைக்க மாட்டேன். நான் ஏற்றாமல் இருந்திருந்தால் அந்த அம்மையார் தம் கணவரின் வாசிப்பைக் கேட்டிருக்கவே மாட்டார். அந்தப் பதிவை வெளியிட்ட நிறுவனம் அதை மீண்டும் வெளியிடவில்லை. எந்தத் தளத்திலும் அது இல்லை. சந்தையில் கிடைக்கும் புதுப்பாட்டை ஏற்றுவதும், எங்கும் கிடைக்காமல் பூஞ்சணம் பூத்துக்கொண்டிருக்கும் பதிவைக் காப்பாற்றி ஏற்றுவதும் சட்டத்தின் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். மனசாட்சியின் கண்ணுக்கு ஒன்றாகா. இங்கேதான் சட்டத்தின்மீது எனக்குப் பெரிய மனக்குறை. 1710-இல் இங்கிலாந்தில் வந்த முதல் பதிப்புரிமைச் சட்டம் புதிய நூல்களுக்குக் கொடுத்த காலம் 14 ஆண்டு, ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14. இன்று பல நாடுகளில் படைத்தவர் மறைந்து 70 ஆண்டு, இந்தியாவில் 60. ஒலிப்பதிவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் 50 ஆண்டை 70 ஆக்கியது. அமெரிக்காவில் 1923-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1 அன்றுதான் உரிமை நீங்கி எல்லோருக்கும் பொதுவாயின. அரக்குத் தட்டு விழுந்தால் உடைகிறது; ஒலிநாடா காந்தப்பூச்சு உதிர்ந்து ஊமையாகிறது. விடுதலை கிடைக்கும் நாளில் விடுவிக்க எதுவும் மிஞ்சாத பதிவுகள் எத்தனையோ. உரிமையாளர் யாரென்றே கண்டுபிடிக்க முடியாத படைப்புகளை, முறையாகத் தேடிப் பார்த்தபின் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் மக்களுக்குத் தரலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் ஒரு நெறிமுறை வகுத்தது. எல்லா நாடுகளிலும் அத்தகைய கதவு ஒன்று திறக்கப்பட வேண்டும். என்னைப் போன்ற தனி ஆட்கள் கள்ளத்தனமாகச் செய்வதைப் பொறுப்புள்ள நிறுவனங்கள் வெளிச்சத்தில் செய்ய அப்போதுதான் முடியும்.

உரிமையாளர் என்று சொல்லிக்கொள்பவர்கள் எல்லை மீறுவதும் நடக்கிறது. பாக் என்னும் ஜெர்மானிய இசை மேதை இறந்தது 1750-இல். அவருடைய இசையை 2018-இல் ஒரு பியானோக் கலைஞர் தாமே வாசித்து ஃபேஸ்புக்கில் போட்டபோது, அது தங்களுடையது என்று ஒரு பெரும் இசை நிறுவனத்தின் பெயரில் தானியங்கி முறை உரிமை கோரி ஒலியைத் தடுத்துவிட்டது. ஊர் உலகமெல்லாம் பாடும் பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டுக்குப் பல ஆண்டுகளாகக் கட்டணம் வாங்கிவந்த நிறுவனத்துக்கு அதன் வரிகள்மீது செல்லத்தக்க உரிமையே இல்லை என்று 2015-இல் அமெரிக்க நீதிமன்றம் சொன்னது. வீட்டில் குழந்தை ஆடுவதை எடுத்த, பின்னணியில் ஒரு பாட்டு மங்கலாகக் கேட்கும் அரை நிமிடக் காணொளியை நீக்கச் சொன்ன வழக்கில், நீக்கச் சொல்லுமுன் அது அனுமதி தேவைப்படாத நியாயமான பயன்பாடா என்று எண்ணிப் பார்க்க வேண்டியது உரிமையாளரின் கடமை என்று அதே ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. தன் பாட்டைக் காக்கும் உரிமை அடுத்தவர் பாட்டை அமுக்கும் உரிமை ஆகிவிடக் கூடாது என்பதில் சட்டம் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

இனி நடைமுறை. ஒரு பாட்டை நண்பருக்குக் காட்ட விரும்பினால் கோப்பை அனுப்பாமல், அது முறையாக வெளியிடப்பட்டுள்ள இடத்தின் இணைப்பை அனுப்பினால் போதும்; நண்பரும் கேட்பார், கணக்கிலும் ஏறும். யூடியூபிலிருந்து ஒலியை மட்டும் உரித்தெடுத்துத் தரும் தளங்கள் பக்கம் போக வேண்டாம். அவற்றில் மிகப் பெரியதாக இருந்த ஒன்று 2017-இல் வழக்குக்குப் பின் மூடப்பட்டும், புதிது புதிதாக முளைக்கின்றன. கலைஞர் தாமே விற்கும் இடம் இருந்தால் அங்கே வாங்குவது எல்லாவற்றிலும் மேல். எதைப் பகிர்ந்தாலும் எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், வாசித்தவர் பெயர்களைத் தேடிப் போடுவதற்குச் செலவாவது ஐந்து நிமிடம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். பாடல்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் எழுதும்போது பாடியவர் பெயரோடு நிறுத்திவிடாமல், பாடலாசிரியர் பெயரையும், தெரிந்தவரையில் வாசித்தவர்கள் பெயரையும் சேர்த்து அச்சிட வேண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பெயர் தெரிந்த மனிதரின் உழைப்பைக் கேட்காமல் எடுக்கக் கை சற்றுக் கூசும்.

என் சேகரிப்பில் உரிமைக் காலம் முடியாத பதிவுகள் அனைத்தையும் இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். அந்த மிருதங்கக் கலைஞரின் குடும்பத்துக்கு ஒலிக்கோப்பின் படி ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். கறாராகப் பார்த்தால் அதுவும் மீறல்தான் என்று சொல்பவர் இருக்கலாம், அதற்கு மட்டும் நான் வருந்தவில்லை. அந்தப் பதிவை மீண்டும் வெளியிடுங்கள், அல்லது ஓர் ஆவணக் காப்பகத்தில் வைக்க அனுமதியுங்கள் என்று வெளியிட்ட நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதியாயிற்று. இன்னும் பதில் இல்லை. பாட்டு இருந்த பக்கத்தில் இப்போது ஒலி கிடையாது. தட்டின் எண்ணும், பாடியவர் பெயரும், வயலின் வாசித்தவர் பெயரும், மிருதங்கம் வாசித்தவர் பெயரும் மட்டும் இருக்கின்றன.

இங்ஙனம்,
இசைத்தட்டுகளைச் சேகரித்துவரும் தங்கள் வாசகர்